நிலக்கீலில் சேர்ப்பதற்கு என்ன பெயர்?

மடல் 1: பாலிடெக்னிக் ஆசிரியர்

கலைச்சொல் அவைக்கு வணக்கம். நெடுஞ்சாலைப் பொறியியல் பாடத்தைத் தமிழில் எழுதி வரும் திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும். சாலைக்கு ஊற்றும் தார் கோடை வெயிலில் இளகிச் சக்கரத் தடம் பதியாமலும், நாளடைவில் வெடிக்காமலும் இருக்கச் சிறிதளவு சேர்க்கிறார்களே, அப்பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் தேவை. ‘சேர்மம்’ வேதியியலில் வேறொன்றுக்கு உரியதாகிவிட்டது. ‘மேம்படுத்தி’ சரிவருமா?

மடல் 2: நெடுஞ்சாலைப் பொறியாளர்

ஐயா, முதலில் தாரைத் தீர்த்துக்கொள்வோம். தார் நிலக்கரியிலிருந்து வருவது. இன்று நாம் ஊற்றுவது கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் எஞ்சும் நிலக்கீல். பேச்சில் ‘தார் ரோடு’ இருக்கட்டும், பாடநூலில் வேண்டாம். அடுத்து, எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைக்க முடியாது. ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன் என்னும் பலபடியை (பாலிமர்) கீலின் எடையில் 3 முதல் 5 விழுக்காடு வரை கலந்தால், அது கீலுக்குள் வலையாகப் பின்னி, இழுத்தால் மீளும் தன்மையைத் தருகிறது. கலவை சரியில்லை என்றால் சூடான தொட்டியிலேயே பிரிந்து மேலே நிற்கும். நீற்றிய சுண்ணாம்பின் முதன்மையான வேலை வேறு: மழைநீர் புகுந்து கீல் ஜல்லியை விட்டு உரியாமல் காப்பது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வாசுதேவன் அவர்கள் முறையிலோ பிளாஸ்டிக் முதலில் சூடான ஜல்லியின்மேல் பூச்சாகப் படிகிறது, அதன் பிறகுதான் கீல் வருகிறது. அதையும் ‘கீல் மேம்படுத்தி’ என்றால் மாணவர் செய்முறையையே தலைகீழாக எழுதுவார்.

மடல் 3: தமிழாசிரியை

‘மேம்படுத்தி’யில் இலக்கண இடரும் உண்டு. மண்வெட்டி, காற்றாடி போல இகர விகுதி வருவது மரபுதான். ஆனால் ‘மேம்படுத்தி சேர்த்த கீல்’ என்பதில் ஒற்று மிகாவிட்டால் பெயர், மிகுந்தால் வினையெச்சம். மெய்ப்புத் திருத்துவோர் அந்த ஒற்றைப் படுத்தும் பாடு அவை அறியும். பாலில் சிறிதே இட்டு முழுவதையும் உறையச் செய்வது பிரைமோர். ஆகவே ‘பிரைப்பொருள்’ என்பேன். தவிர, கதவுக் கீல், கீல்வாதம் இரண்டிலும் இணைப்பு என்னும் பொருள் இருப்பதால், ‘கீல்’ என்றாலே பிணைப்பது என்று ஆகிவிடுகிறது. ஜல்லியைப் பிணைக்கும் பொருள் என்பதற்காக அதற்குப் ‘பிணைப்பான்’ என்று தனியே ஒரு சொல் எதற்கு?

மடல் 4: மூத்த உறுப்பினர்

அம்மா, வடமொழியில் ‘கீல’ என்றால் ஆணி, முளை. கதவுக் கீல் அதன் உறவாக இருக்கக்கூடும். சாலைக் கீலும் கதவுக் கீலும் ஒரே சொல்தான் என்பதற்கும் சான்று வேண்டும். பிரை பாலில் தானே பெருகும், பலபடி போட்ட அளவுதான் இருக்கும். உவமை அங்கேயே உடைகிறது. ‘சேர்க்கைப்பொருள்’ என்றால் தளத்தில் நிற்கும் மேஸ்திரிக்கும் விளங்கும்.

மடல் 5: பாலிடெக்னிக் ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்த கருத்துகளும் பெரும்பாலும் மூத்தவர் பக்கமே சாய்கின்றன. பொதுப்பெயராகச் ‘சேர்க்கைப்பொருள்’, கீலுக்குள் கலந்து அதன் இயல்பை மாற்றுவதற்குக் ‘கீல்மாற்றி’, சுண்ணாம்பு போன்றவற்றுக்கு ‘உரிவுத்தடுப்பி’, பிளாஸ்டிக் முறைக்கு ‘ஜல்லிப்பூச்சு’ என்று எழுதி அனுப்புகிறேன்.

மடல் 6: தமிழாசிரியை

‘மாற்றி’யும் அதே வினையெச்சம்தானே ஐயா? ‘மாற்றுப்பொருள்’ என்றால் பதிலி என்று ஆகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மறுப்பைப் பதிவு செய்துகொண்டு, ‘பிரைப்பொருள்’ என்பதை அடிக்குறிப்பிலாவது இடுங்கள்.