உயர் அழுத்தத்தில் மட்டும் வளைவுகள் பிரிகின்றன, ஏன்?

பாலிவினைல் அசிட்டேட் என்ற பாலிமரின் ஆல்ஃபா தளர்வு நேரத்தை (அதன் சங்கிலித் துண்டுகள் அசைந்து மறுபடி அமைய எடுக்கும் நேரம்) டைஎலக்ட்ரிக் ஸ்பெக்ட்ராஸ்கோபி (மாறும் மின்புலத்துக்கு மாதிரி காட்டும் எதிர்வினையை அளக்கும் முறை) மூலம் 400 மெகாபாஸ்கல் வரை அளந்திருக்கிறேன். அழுத்தம் கூடக் கூட மூலக்கூறுகளின் அசைவு மந்தமாகிறது, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையும் (குளிரும்போது பாலிமர் கண்ணாடிபோல் இறுகும் வெப்பநிலை) ஏறுகிறது. அதுவரை எல்லாம் சரி.

வெப்பநிலையைக் கன அளவின் காமா அடுக்கால் (காமா என்பது பொருளுக்குப் பொருள் மாறும் ஓர் எண்) பெருக்கி, வரும் மதிப்புக்கு எதிராகத் தளர்வு நேரத்தை வரைந்தால் எல்லா அழுத்தங்களின் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழ வேண்டும். இந்தப் பாலிமருக்குக் காமா ஏறத்தாழ 2.6. (ஆர்த்தோ டெர்ஃபினைலுக்கு 4 வரை போகும். ஹைட்ரஜன் பிணைப்புள்ள கிளிசரால் இதையெல்லாம்விடக் கீழே கிடக்கும்.) எனக்கு 200 மெகாபாஸ்கல் வரை அழகாகச் சேர்கிறது, அதற்கு மேல் புள்ளிகள் ஒதுங்குகின்றன.

என் சந்தேகம் கன அளவின் மீதுதான். அந்தத் தரவு 200 மெகாபாஸ்கலோடு நின்றுவிடுகிறது, மீதியை டெய்ட் சமன்பாட்டை (அழுத்தத்தோடு கன அளவு எப்படிக் குறைகிறது என்று சொல்லும் சூத்திரம்) நீட்டித்துக் கணக்கிட்டேன். தளர்வு நேரம் சமமாக இருக்கும் இடங்களில் இழப்பு உச்சியின் (அதிர்வெண்ணுக்கு எதிராக மின் ஆற்றல் இழப்பை வரைந்தால் வரும் முகடு) வடிவம் எல்லா அழுத்தத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே அளவீட்டில் பிழை இருக்கும் என்று தோன்றவில்லை.

டெய்ட் சமன்பாட்டை இவ்வளவு தூரம் நீட்டலாமா? அல்லது காமாவே அடர்த்தியோடு மாறுகிறதா? இவ்விரண்டையும் பிரித்தறிய நம்பகமான வழி இருந்தால் சொல்லுங்கள். மாதிரியை வெற்றிடத்தில் உலர்த்தித்தான் அளந்தேன், எனவே ஈரப்பதத்தை விட்டுவிடலாம். அழுத்த ஊடகமான சிலிக்கான் எண்ணெய் மாதிரிக்குள் கசிவதை யாராவது பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள்.