ஓடூவில் கிடங்கு ஆட்களுக்குத் தனி மெனு: போட்டும் திரையில் வரவில்லை

ராணிப்பேட்டை ஸ்டோர்ஸ்:
வணக்கம். ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட். மேல்விஷாரம் டேனரியிலிருந்து வரும் தோலைச் சதுர அடி பார்த்து வரவு வைப்பதுதான் எங்கள் கிடங்கு ஆட்களின் வேலை. அவர்களுக்கு வேறு எந்தத் திரையும் வேண்டாம். ஓடூ 17 என்ற நிர்வாக மென்பொருளில் டெவலப்பர் மோட் (உள் அமைப்புகளைக் காட்டும் நிலை) போட்டு, 'தோல் கிடங்கு' என்று ஒரு குரூப் (யாருக்கு என்ன அனுமதி என்று வகுக்கும் பிரிவு) உண்டாக்கினேன். சரக்கு இருப்பைப் பார்க்கும் இன்வென்டரி பகுதிக்குக் கீழே 'தோல் வரவு' என்ற மெனுவை வைத்து அந்த குரூப்பைக் கொடுத்தேன். கிடங்கு ஆளுக்கு அந்த குரூப் மட்டும்தான். அவர் உள்ளே வந்தால் இன்வென்டரியே இல்லை. அட்மினான எனக்கும் 'தோல் வரவு' தெரியவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

குடியாத்தம் லுங்கி:
உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம், நீங்கள் அந்த குரூப்பில் இல்லை. அட்மின் என்பதற்காக எல்லா மெனுவும் வந்துவிடாது. கிடங்கு ஆளின் சிக்கல் வேறு: தாய் மெனு தெரிந்தால்தான் பிள்ளை மெனு தெரியும். இன்வென்டரி மெனு, ஓடூவிலேயே வரும் இன்வென்டரி யூசர், இன்வென்டரி அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற இரண்டு குரூப்புகளுக்கு மட்டும் திறக்கும். மெனு திறக்கும் ஆவணத்தைப் படிக்க அனுமதி இல்லையென்றாலும் ஓடூ அதை மறைத்துவிடும். அவருக்கு இன்வென்டரி யூசரையும் சேர்த்துக் கொடுங்கள்.

ராணிப்பேட்டை ஸ்டோர்ஸ்:
நன்றி சார், வந்துவிட்டது. ஆனால் டெலிவரி, ஸ்கிராப், புராடக்ட்ஸ் எல்லாம் கூடவே வருகிறது. இன்வென்டரி யூசர் குரூப்பை எடுத்துவிட்டு, தாய் மெனுவில் என் குரூப்பைச் சேர்க்கலாமா?

ஆம்பூர் இஆர்பி:
வேண்டாம் சார். வரவை முடிக்கும் வேலிடேட் பட்டன் இன்வென்டரி யூசருக்குத்தான் வரும். அது இல்லாமல் கிடங்கு ஆள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த குரூப் இருக்கட்டும், வேண்டாத மெனுக்களை மறைத்துவிடுங்கள்.

ஒரு மெனுவில் இரண்டு குரூப் இருந்தால், ஏதாவது ஒன்றில் இருப்பவருக்கே அது தெரியும். குரூப் ஒன்றுமே இல்லையென்றால் எல்லாருக்கும் தெரியும். அதனால் 'தோல் கிடங்கு' குரூப்பை எங்கே சேர்த்தாலும் கிடங்கு ஆளுக்கு எதுவும் மறையாது. 'கிடங்கு அலுவலகம்' என்று இன்னொரு குரூப் உண்டாக்கி, உங்களையும் அலுவலக ஆட்களையும் அதில் போடுங்கள். அப்புறம் செட்டிங்ஸ், டெக்னிக்கல், மெனு ஐட்டம்ஸ் போய், வேண்டாத ஒவ்வொரு மெனுவிலும் அந்த குரூப்பைக் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே இன்வென்டரி யூசர் இருந்தால் எடுத்துவிடுங்கள். கிடங்கு ஆள் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் போதும்.

ஆனால் மெனுவை மறைப்பது பூட்டு ஆகாது. வரவு வரியில் தோலின் பெயர் வழியாகவே புராடக்ட் பக்கத்தைத் திறக்கலாம், அடக்க விலை அங்கேயே இருக்கும். அந்தப் பக்கத்தில் விலை தெரியக்கூடாது என்றால், விலைக் கட்டத்தை அலுவலக குரூப்புக்கு மட்டும் காட்டும்படி வியூவில் (திரை அமைப்பில்) மாற்றுங்கள்; அதுவும் திரையில் மறைப்பதுதான், முழுப் பூட்டு ஆகாது.

ராணிப்பேட்டை ஸ்டோர்ஸ்:
மெனு சரியாகிவிட்டது சார். முதலாளிக்கு விலைதான் முக்கியம், அதையும் வியூவில் மறைத்துவிட்டேன். கிடங்கு ஆளின் ஐடியில் நுழைந்தும் பார்த்தேன், தெரியவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.

ஆம்பூர் இஆர்பி:
நல்லது. இன்வென்டரி மாட்யூலை அப்கிரேட் செய்யும்போது, நீங்கள் எடுத்த குரூப் மெனுவில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மாற்றிய மெனுக்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அப்கிரேட் முடிந்ததும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.