கிட்டார் எங்க போச்சு? (நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழு)

அஷ்வின்: 2013ல 'செம்பிடர்னல்'னு கனமான ஆல்பம் போட்ட பிரிங் மீ தி ஹொரைசன் பேண்ட்தான் 'அமோ' ஆல்பமும் போட்டாங்கன்னு புதுசா கேக்கறவன்கிட்ட சொன்னா நம்பவே மாட்டான். கிட்டார் எங்க? எல்லாம் சிந்தசைசர் (கீபோர்ட் மாதிரி மின்னணு வாத்தியம்), பீட்டு. விலை போயிட்டாங்க.

திவ்யா: ஆரம்பிச்சுட்டான். அது 2019 ஜனவரில வந்தது டா. இன்னுமா ஆறல?

அஷ்வின்: எப்படிக்கா ஆறும்? 2006ல முதல் ஆல்பம் டெத்கோர், அலறல் நெறஞ்ச கனமான மெட்டல். அங்கேருந்து பாடகி கிரைம்ஸ் கூடச் சேர்ந்து டான்ஸ் பாட்டு!

சுதா அத்தை: அதே ஆல்பத்துல 'ஹெவி மெட்டல்'னு ஒரு பாட்டு இருக்கே, கேட்டியா? உன்ன மாதிரி ஆளுங்க புலம்பலையே பாட்டாக்கி வச்சிருக்காங்க. கடைசில கொஞ்ச நேரம் கத்திட்டு முடிப்பாங்க. உனக்குன்னே போட்டது 😄

ரவி மாமா: அஷ்வின், எதுல கேட்ட?

அஷ்வின்: ஃபோன் ஸ்பீக்கர்ல மாமா

ரவி மாமா: அப்ப உன் தீர்ப்பு செல்லாது.

ரவி மாமா: பழைய பாட்டுல கனம் கிட்டார்ல இருக்கும். கம்பியத் தளர்த்திக் கீழ இறக்கற டிராப் சி ட்யூனிங்கா இருந்தாலும் அடிக் கம்பி 65 ஹெர்ட்ஸ்தான். டிஸ்டார்ஷன் போட்டு சத்தத்தக் கரகரப்பாக்கினா அதோட மேல் ஸ்வரங்கள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறும், அதனால சின்ன ஸ்பீக்கர்லயும் கேக்கும். பாப் பக்கம் சாயும்போது கனத்த 40லேருந்து 60 ஹெர்ட்ஸ்குள்ள சிந்த் பேஸுக்கு மாத்திடுவாங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல அந்த இடமே கிடையாது. கனம் இருக்கு, உனக்குத்தான் வந்து சேரல.

அஷ்வின்: சரி, ஹெட்ஃபோன்ல கேட்டாலும் கிட்டார் பின்னாடிதானே நிக்குது?

ரவி மாமா: நிக்கும். அங்கதான் விஷயமே இருக்கு. கத்தற குரல் கிட்டத்தட்ட இரைச்சல் மாதிரி, எல்லா அலைவரிசையிலயும் பரவிக் கிடக்கும். சத்தம் குறைச்சு வச்சாலும் கிட்டார் நடுவுல பிச்சுக்கிட்டு வரும். சுத்தமா பாடற குரலுக்கு அது முடியாது. வார்த்தை புரியணும்னா 1லேருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வழி விடணும். டிஸ்டார்ஷன் கிட்டார் உக்காந்திருக்கிறதும் அதே இடம். அதனால கிட்டார்ல 2, 3 டெசிபல் வெட்டுவாங்க, இடது வலதுன்னு ஓரத்துக்குத் தள்ளுவாங்க, கீழ 100, 120 ஹெர்ட்ஸுக்கு அடியில இருக்கறத எடுத்துடுவாங்க. எடுக்கலன்னா சிந்த் பேஸும் கிட்டாரும் மோதி அடிப்பக்கம் ஒரே கொழகொழன்னு ஆயிடும்.

திவ்யா: ஆக, கிட்டாரத் தூக்கல, குரலுக்கு இடம் குடுத்திருக்காங்க?

ரவி மாமா: அதேதான். ஒரு பாட்டு பாப் ஆயிடுச்சான்னு பாக்க கீபோர்ட எண்ணாத. மிக்ஸ், அதாவது எல்லா சத்தத்தையும் சேர்த்து வச்ச விதம், யாருக்காக ஒதுங்குதுன்னு பாரு.

அஷ்வின்: எப்படிப் பாக்கறது?

ரவி மாமா: முதல்ல சத்தத்த சமப்படுத்து. ஸ்பாட்டிஃபைல நார்மலைசேஷன் ஆன்ல இருக்கான்னு பாரு, அது எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்கற சத்தத்தோட அளவு) பக்கம் கொண்டுவரும். அது ஆஃப்ல இருந்தா எந்தப் பாட்டு 1 டெசிபல் கூட இருக்கோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி காது சொல்லும். பாதிச் சண்டை இதனாலதான். அப்புறம் பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னு ரெண்டு பாட்டையும் பக்கத்துல ஆள் பேசினா காதுல விழற அளவுக்குக் கம்மியா வச்சுக் கேளு. கடைசில எது மிஞ்சி நிக்குது? குரலும் ஸ்நேர் டிரம்மும் மட்டும்னா பாப் மிக்ஸ். ரிஃபும் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) கூட நின்னா ராக்.

ரவி மாமா: ஃபோன் அக்சஸிபிலிட்டில மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், இடது வலது ரெண்டையும் ஒண்ணாக்கும், அதையும் போட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் தனித்தனியா வாசிச்ச கிட்டார் குரலோட ஒப்பிட்டா ஒரு 3 டெசிபல் குறையும், அது சகஜம். சுத்தமா காணாமப் போச்சுன்னா ஒரு தடவ வாசிச்சதையே விரிச்சுக் காட்ட ஒயிடனர்னு ஒண்ணு போட்டிருக்காங்க, ரெண்டு பக்க அலையும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிச்சு. வாசிச்சது ஒரே கிட்டார், காட்டினது ரெண்டு.

சுதா அத்தை: ஏங்க, புள்ளைக்கு டெசிபல் பாடம் போதும் 😂 இது ஒண்ணும் புதுசு இல்ல அஷ்வின். சிந்தசைசர் போடலன்னு க்வீன் எழுபதுகள்ல ஆல்பம் உறையிலயே பெருமையா அச்சடிச்சாங்க. 1980ல 'தி கேம்'ல ஓபர்ஹைம் சிந்தசைசர் வந்துடுச்சு. 82ல 'ஹாட் ஸ்பேஸ்' வந்தப்ப ராக் ரசிகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. யெஸ் பேண்ட எடுத்துக்கோ. 83ல டிரெவர் ஹார்ன் தயாரிச்ச '90125'. அதுலேருந்துதான் அவங்களுக்கு அமெரிக்கால ஒரே ஒரு நம்பர் ஒன் பாட்டு கிடைச்சுது. 20 நிமிஷப் பாட்டு போட்ட பேண்ட்!

அஷ்வின்: அத்தை, டெஃப் லெப்பர்ட் 'ஹிஸ்டீரியா'?

சுதா அத்தை: 1987. அதுல டிரம்ஸ் பெரும்பாலும் சாம்பிள் (பதிஞ்சு வச்ச சத்தம்), கிட்டாருக்கு பெரிய ஆம்புக்குப் பதிலா ராக்மேன்னு கையடக்கப் பெட்டி. மெலிசான, சுத்தமான சத்தம். தயாரிப்பாளர் மட் லாங்க் அத அடுக்கடுக்கா ஏத்தினார். ஒவ்வொரு கிட்டாரும் தனியா தடிமனா இருந்தா அத்தன அடுக்கு தாங்காது.

திவ்யா: மெட்டாலிகாவையும் இப்படித்தானே திட்டினாங்க, 91ல?

சுதா அத்தை: ஆமா, பாப் ராக் தயாரிச்ச கருப்பு ஆல்பம். ஆனா அது பாப்னு நான் ஒத்துக்க மாட்டேன். ரிஃப எடுத்துட்டு நாலு கார்டு மேல வெறுமனே பாடிப் பாரு. பாட்டு நின்னா பாப் எழுத்து. 'எண்டர் சாண்ட்மேன்' நிக்காது, அங்க ரிஃப்தான் பாட்டு. 88ல அவங்க பாட்டு சிலது 7, 9 நிமிஷம் ஓடிச்சு. 91ல சுருங்கிச்சு, பேஸ் கிட்டார் காதுல விழுந்துச்சு. அவ்ளோதான்.

அஷ்வின்: இத ஒத்துக்கறேன். அப்ப என் குறை சரிதானே? 'அமோ'ல பல பாட்டு அத்தை சோதனைல கிட்டார் இல்லாமயே நிக்கும்.

ரவி மாமா: நிக்கும். அது சரியான குறை. விலை போயிட்டாங்கன்றது குறை இல்ல, வசவு.

அஷ்வின்: 😑

திவ்யா: மேடையில எப்படி மாமா சமாளிப்பாங்க? அத்தன அடுக்கையும் யாரு வாசிப்பா?

ரவி மாமா: லேப்டாப். சிந்த், கூட்டுக் குரல் எல்லாம் அதுலேருந்து ஓடும், டிரம்மர் காதுல தாளம் காட்டற கிளிக் சத்தம். அவர் கிளிக்க விட்டு நழுவினா டிராக் காத்திருக்காது, பேண்ட் ஒரு பக்கம், கோரஸ் ஒரு பக்கம் போகும். பெரிய பேண்டுங்க ரெண்டு லேப்டாப்ப சேர்த்து ஓடவிடுவாங்க, ஒண்ணு படுத்தா சிக்னல் அடுத்ததுக்கு மாறிடும்.

அஷ்வின்: மோனோ போட்டுட்டேன் மாமா. முழுசா காணாமப் போகல, ஆனா ஓரத்துல இருந்ததெல்லாம் அடங்கிடுச்சு.

ரவி மாமா: அப்ப ரெண்டு தடவ வாசிச்சிருக்காங்க. பொழச்சாங்க. இப்ப மோனோவ ஆஃப் பண்ணு, மறந்துட்டு நாளைக்கு இன்னொரு பேண்டத் திட்டப் போற.