வடிகான் கணக்குக் கேட்டேன், "உங்களுக்கு எதற்கு?" என்கிறார்கள்

படுவான்கரையான்:
போன வருடம் எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் வடிகான் கட்டத் தொடங்கினார்கள். கோயிலடியிலிருந்து ஐந்து வீடு தாண்டியதும் வேலை நின்றுவிட்டது. மிச்சம் வெறும் கிடங்கு. ஆற்றுக்குப் போக வேண்டிய மழைத்தண்ணீர் இப்போது எங்கள் வளவுக்குள். கார்த்திகையில் அம்மாவின் கோழிக்கூடே மிதந்தது. கொந்தராத்துக்காரர் சபையைக் கேட்கச் சொல்கிறார். பிரதேச சபையில் "காசு முடிந்துவிட்டது". எவ்வளவு காசு, எத்தனை மீற்றருக்கு? அது யாருக்கும் தெரியாது.

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்போம் என்று 'வடிகானை ஏன் முடிக்கவில்லை, யார் பொறுப்பு?' என எழுதிக்கொண்டு போனேன். "இது உங்களுக்கு எதற்கு? காரணம் எழுதுங்கள், படிவத்தில் கொண்டுவாருங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். காரணம் சொல்லத்தான் வேண்டுமா?

பழைய எழுதுவினைஞர்:
வேண்டியதில்லை மனே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 24ஆம் பிரிவு. காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. படிவமும் வசதிக்குத்தான், வெள்ளைத்தாள் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்திலும் பிழை இருக்கிறது. அந்த மேசையில் முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன்: 'ஏன்' என்று வந்தால் "நிதிப் பற்றாக்குறை" என ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவோம். இந்தச் சட்டத்தில் தகவல் என்றால் பதிவில் இருப்பது. ஆகவே அங்கீகரித்த மதிப்பீடு, ஒப்பந்தம், செய்த வேலையை அளந்து பதியும் அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், கொடுப்பனவு வவுச்சர்கள் என்று பெயர் சொல்லிப் பிரதி கேளுங்கள். அப்போது கோப்பை எடுத்தே ஆக வேண்டும். தகவல் அலுவலருக்கு என்று விலாசமிட்டு, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வாவிக்கரை மகள்:
ஐயா சொன்ன பற்றுச்சீட்டுத்தான் என்னைக் காப்பாற்றியது. தெருவிளக்குப் பதிவேட்டைக் கேட்டிருந்தேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும், சத்தமே இல்லை. அடுத்த 14 நாளுக்குள், குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்று அதே சபையில் ஒருவர் இருப்பார், அவருக்கு மேன்முறையீடு போட்டேன். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, பதிவேடு வந்தது. எங்கள் வாசல் கம்பத்துக்கு இரண்டு தடவை பல்ப் மாற்றியதாக எழுதியிருக்கிறது! அந்த வருடம் முழுக்க நாங்கள் டோர்ச் அடித்துத்தான் படலை திறந்தோம்.

படுவான்கரையான்:
ஐயா, தங்கச்சி, நன்றி. திங்கட்கிழமை புதுக்கடிதம் கொடுத்துவிட்டேன். 'அளவீட்டுப் புத்தகம்' என்ற இடத்தில் கடிதத்தை வாங்கிய அலுவலர் கொஞ்சம் நின்றார், உள்ளே போய் யாருடனோ பேசிவிட்டு வந்து, காரணம் ஒன்றும் கேட்காமல் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். நேற்றுப் பின்னேரம் இரண்டு பேர் நாடாவோடு வந்து வடிகானை அளந்துகொண்டு போனார்களாம். அம்மா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.