ஸ்கோல்ஸை இங்கிலாந்து வீணடித்ததா, அவராகவே விலகினாரா?

நடுக்களத்தான்:
மான்செஸ்டர் யுனைடெட் நடுக்கள வீரர் பால் ஸ்கோல்ஸ் 2004இல், 29 வயதிலேயே, 66 ஆட்டங்களோடு இங்கிலாந்து கால்பந்து அணியை விட்டு விலகியதற்குப் பயிற்றுநர் எரிக்சனே பொறுப்பு என்பது என் கருத்து. அந்த ஆண்டு யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) போட்டியில் சக நடுக்கள வீரர்களான லாம்பார்டையும் ஜெரார்டையும் நடுவில் நிறுத்திவிட்டு, மைதானத்தின் எந்த மூலைக்கும் பந்தை அளந்து அனுப்பத் தெரிந்தவரை அவர் இடது ஓரத்துக்குத் தள்ளினார். ஓடிக் கடக்கும் வேகம் இல்லாதவருக்கு அங்கே என்ன வேலை?

வெம்ப்ளி வாசு:
நண்பர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். 1999 மார்ச்சில் போலந்துக்கு எதிராக மூன்று கோல், அதே நவம்பரில் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் என்று அடித்துக்கொண்டிருந்தவர், 2001 ஜூனில் ஏதென்ஸில் கிரீஸுக்கு எதிராக அடித்த பிறகு, 2004இல் குரோஷியாவைச் சந்திக்கும் வரை நாட்டுக்காக ஒரு கோலும் போடவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் அவர் ஓரத்திலேயே கிடந்தார் என்று சொல்லிவிட முடியாது. ஜெரார்ட் காயத்தால் வராத 2002 உலகக் கோப்பையில் நடுக்களத்தில் ஆடியவர் அவரே. விலகியபோது அவர் சொன்ன காரணமும் குடும்பமே தவிர, ஆடிய இடம் அல்ல. 2010 உலகக் கோப்பைக்கு முன் அப்போதைய இங்கிலாந்துப் பயிற்றுநர் கப்பெல்லோ தரப்பு அழைத்தபோதும் மறுத்துவிட்டார். அழைத்தும் வராதவரை வீணடித்தார்கள் என்பது எந்த நியாயம்?

நடுக்களத்தான்:
அதே கோல் வறட்சிக் காலத்தில், 2002–03 பருவத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டில் முன்கள வீரர் வான் நிஸ்டல்ரூய்க்குப் பின்னால் ஆடி, எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அவர் 20 கோல் அடித்தாரே. கால் அதே கால்தான். பயன்படுத்திய விதம்தான் வேறு. குடும்பம் என்று சொன்னது அவருடைய பண்பு. பயிற்றுநரைப் பொதுவில் குறைகூறும் வழக்கம் அன்று அவருக்கு இல்லை. (ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சியில் வாய் திறந்தது வேறு விஷயம்.)

சிவப்புச் சட்டை:
விலகியதால் நட்டம் யாருக்கு என்றுதான் இருவரும் பேசுகிறீர்கள், லாபத்தை மறந்துவிட்டீர்கள். ஒரே கிளப்பில் 718 ஆட்டங்கள், 155 கோல்கள், 11 லீக் பட்டங்கள். 2011இல் ஓய்வு பெற்றவர், 2012 ஜனவரியில் 37 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் மாற்று வீரராகத் திரும்பி வந்து, 2013 வரை ஆடினார். நாட்டுக்காக ஆடாததால் கோடைக்காலங்களில் கிடைத்த ஓய்வு இல்லாமல் அந்த உடம்பு அதுவரை தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

நடுக்களத்தான்:
கிளப்பின் லாபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2007 நவம்பரில் வெம்ப்ளியில் குரோஷியாவிடம் 3–2 எனத் தோற்று, இங்கிலாந்து 2008 யூரோ வாய்ப்பை இழந்த இரவில், பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தை நிதானப்படுத்த ஒருவரும் இல்லை. அடுத்த ஏப்ரலில் பார்சிலோனாவுக்கு எதிராகத் தொலைவிலிருந்து கோல் அடித்து, யுனைடெட்டை மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பை) இறுதியாட்டத்துக்கு அனுப்பியவர் இதே ஸ்கோல்ஸ்தான்.

வெம்ப்ளி வாசு:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் உங்களுக்கே எதிரானது. அந்த நவம்பரில் அவர் முழங்கால் காயத்தால் யுனைடெட்டுக்கே ஆடவில்லை. 2006 உலகக் கோப்பையைச் சொல்வீர்களானால், அதற்கு முந்தைய மாதங்களைக் கண் பார்வைக் கோளாறு விழுங்கிவிட்டது. எரிக்சன் அவரை நடுவிலேயே வைத்திருந்தாலும், நீங்கள் குறிப்பிடும் அந்த இரவில் அவர் களத்தில் இருந்திருக்க மாட்டார்.