முதல் ஆப் செய்த அனுபவம்: சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ஆண்ட்ராய்டா, ஐபோனா, இரண்டுக்கும் சேர்த்தா என்று புதிதாக வருபவர்கள் முதலில் கேட்கிறார்கள். ஆப் யாருக்கு என்பது தெரிந்துவிட்டால் அதற்குப் பதில் தானாக வந்துவிடும். என் விஷயத்தில் அது பக்கத்து வீட்டு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கடைக்காரர் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கொலுசாகத் திரும்பும்போது மறுபடி எடை பார்த்து, சேதாரம் கழித்து, கூலி போடுவார்கள். எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அந்த நோட்டைத்தான் ஆப் ஆக்கினேன்.

பட்டறையில் எல்லாரிடமும் ஆண்ட்ராய்டு போன்தான். அதனால் கோட்லின் என்ற நிரல்மொழியைப் படித்தேன். 2019 முதல் ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் முன்னிறுத்தும் மொழி அதுதான். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் காசு கிடையாது. ஆனால் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் எமுலேட்டர் (திரையிலேயே ஓடும் போலிப் போன்) மூச்சு வாங்கும். போனையே கேபிளில் மாட்டிவிடுங்கள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் எழுதியது நேராகப் போனில் ஓடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எடையையும் பணத்தையும் புள்ளி வைத்த எண்ணாகச் சேமிக்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுள் என்ற புள்ளி எண் வகையில் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கூட்டக் கூட்ட இந்தப் பிசிறு சேர்ந்துகொண்டே போகும். வெள்ளியில் யார் இதை ஒத்துக்கொள்வார்கள்? மில்லிகிராமாக மாற்றி முழு எண்ணாக வைத்தேன், கூலியைப் பைசாவாக. பட்டறை அண்ணன் நோட்டையும் போனையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்துவிட்டு, "கணக்கு நிக்குதுங்க தம்பி" என்றார். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, எங்கள் கதை வேறு. காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களின் கிலோக் கணக்கு. மேஸ்திரியிடம் ஆண்ட்ராய்டு, தோட்டக்காரரிடம் ஐபோன். அதனால் ஃப்ளட்டர் என்ற ஆப் எழுதும் கருவித்தொகுப்பை எடுத்தேன். டார்ட் மொழியில் ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடும். ஆனாலும் ஐபோனுக்கு பில்ட் எடுக்க, அதாவது எழுதியதை ஓடும் ஆப்பாக மாற்ற, ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேண்டும், அது மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். சேலத்தில் ஒரு நண்பரின் மேக்கில் உட்கார்ந்து முடித்தேன். ஆப் ஸ்டோரில் போட ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். புதிதாகத் தொடங்குபவர்கள் அதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் எண்ணம்.

மலையில் பெரிய பாடு சிக்னல். ஒரு சரிவில் கிடைக்கும், அடுத்த சரிவில் இருக்காது. எடை போட்டவுடன் பதிவு போனிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் விழும், சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகும். பாதியில் அறுந்தால் ஆப் மறுபடி அனுப்பும். அப்போது ஒரே மூட்டை இரண்டு தடவை ஏறக்கூடாது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் கொடுத்துவிடுகிறேன். அதே எண் திரும்ப வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும். பறித்த கிலோவுக்குத்தானே கூலி. அக்காமார் வெயிலிலும் பனியிலும் பறித்த கணக்கு இம்மியும் பிசகக்கூடாது.

அம்மாபேட்டையிலிருந்து:

பிளே ஸ்டோர் பற்றி நான் சேர்க்கிறேன். கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் ஆப்பை உடனே வெளியிட முடியாது. மூடிய சோதனையில் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்ப்பது) 12 பேராவது தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது. சித்தி, மாமா, தறிக்கார அண்ணன்கள் என்று கெஞ்சிக் கூட்டிச் சேர்த்தேன். அப்புறம் ஒரு நன்மையும் வந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறது, பொத்தான் கண்ணுக்கே தெரியவில்லை என்று அவர்கள் சொன்னதால்தான் திரையையே மாற்றினேன்.

யாருக்காவது டெஸ்டர் குறைந்தால் இங்கே எழுதுங்கள். நானும் சேர்கிறேன், வீட்டில் இரண்டு மூன்று போன் இருக்கிறது.