அழுகுன வைக்கல்ல புள்ளி மாதிரி ஒரு வண்டு, யாராச்சும் பாத்திருக்கீங்களா?

வலங்கைமான் வயக்காடு:
தை அறுப்பு முடிஞ்ச கையோட மழை புடிச்சுக்கிச்சு, வைக்கப்போரு அடி பூரா அழுகி ஆவி அடிக்குது, பிரிச்சுப் போட்டுட்டு வேட்டிய பாத்தா மிளகுத்தூள் சிந்துன மாதிரி கெடக்கு. தட்டப் போனா தூளு நடக்குது! ஒரு மில்லிமீட்டர் தேறாது. அக்ரி படிக்கிற அக்கா பையன் ஃபோல்ட்ஸ்கோப்ல, அதான் அந்த காகித நுண்ணோக்கியில, வச்சுட்டு "மாமா இங்க பாருங்க"ன்னான். ரெக்கைல தகடுன்னு ஒண்ணுமே இல்ல, மெல்லிசா ஒரு காம்பு, ரெண்டு பக்கமும் முடி முடியா நீட்டிட்டு நிக்கிது, அவ்ளோதான். இறகு ரெக்கை வண்டுன்னு ஒரு குடும்பமாம், அதுல அக்ரோட்ரைக்கிஸ் வகையா இருக்கும்னான், என்ன இனம்னு அவனுக்கும் புடிபடல. இத வச்சுக்கிட்டு எப்புடித்தான் பறக்குதோ, படுத்தா அதே நெனப்பு.

மன்னார்குடி தென்னந்தோப்பு:
நம்ம எருக்குழியிலயும் பாத்திருக்கேன். காண்டாமிருக வண்டோட குஞ்சு சார் அது, அசால்ட்டா விடாதீங்க. 2018 நவம்பர் கஜாவுல சாஞ்ச மரத்த அப்புடியே மக்க விட்டவன் தோப்பெல்லாம் அப்புறம் குருத்துல ஓட்டையா நின்னுச்சு. எருவ அள்ளி வெயில்ல பரப்புங்க, புழுவ பொறுக்கிருங்க, புழுவக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சாணம் வாங்கி குழியில கலந்து விடுங்க, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்க அஞ்சு லிட்டர் தண்ணில ஊறப்போட்டு மண்பானையில தோப்புக்குள்ள வையுங்க, தாய் வண்டு வாசத்துக்கு வந்து விழும், செத்தத எடுத்துட்டு மறுபடி ஊத்துங்க, சும்மா விட்டா மரம் போயிரும்.

திருவையாறு வாழைமட்டை:
அண்ணே, வண்டுல குஞ்சு ஏது? ரெக்கை வந்துட்டா அதுக்கு மேல வளராது. காண்டாமிருக வண்டோட புழு கட்டைவிரல் தண்டி இருக்கும், அதையும் இதையும் ஏன் முடிச்சு போடுறீங்க. இது மக்குற எடத்துல பூக்குற பூசணத்தோட வித்தையும் இழையையும் மேயுறது, பயிர தொடாது. நான் அழுகுன வாழைமட்டை இடுக்குல புடிச்சு ஸ்லைடு போட்டேன், வயித்துக்குள்ள ஒத்த முட்டை, ஒடம்புல பாதி நீளம்! ஒரு தடவைக்கு ஒண்ணுதான் போடுமாம். இந்தக் குடும்பத்துல சில இனத்துல ஆணே கெடையாது. அந்த முட்டைய பாத்ததுலேர்ந்து மட்டைய கொளுத்த மனசு வரல, எங்க வீட்டுல திட்டு.

ஆடுதுறை ஆத்தங்கரை:
வலங்கைமான் சார் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலயே. 2022ல நேச்சர் இதழ்ல வந்துச்சு, இதே குடும்பத்துல 0.4 மில்லிமீட்டர் கூட இல்லாத வண்டு ஒண்ண படம் புடிச்சிருக்காங்க. முடி ரெக்கை எடை கம்மி, அத எட்டு போடுற மாதிரி அகலமா வீசுது, மேல் ஓடு ரெண்டும் ஒடம்பு குலுங்காம பிரேக் புடிக்குது. நான் பாத்தது மாட்டுக்கொட்டாய் பல்பு கீழ, பால்சொம்புல விழுந்து கெடந்துச்சு, தூசுன்னு வடிகட்டிட்டாங்க.

மன்னார்குடி தென்னந்தோப்பு:
எட்டோ ஒம்பதோ போடட்டும். பானை வச்சீங்களா இல்லையா?

வலங்கைமான் வயக்காடு:
அண்ணே, எங்ககிட்ட தென்னையே இல்லண்ணே.